"ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று முடிவு கட்டும் முன்: கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. பத்து ஆண்டு பழைய இயந்திரத்திலும் அவை ஓடும். இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில், மூலையில் கிடந்த கணினி மறுபடியும் பாடம் எழுத உதவுகிறது என்றால் அது பெரிய ஆறுதல்தான்.

ஆனால், பழைய இயந்திரத்தோடு கூடவே வரும் தொல்லை ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் விசையைத் தட்டினால் வழக்கமான திரை வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். வட்டில் முரண்பாடு இருக்கிறது, கையால் சோதனை நடத்துங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து, கணினி அப்படியே நின்றுவிடும். பார்ப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது, "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்பதுதான். அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டால், மறைந்த பாட்டியின் படங்கள், கோயில் கணக்கு, எஸ்பிஎம் குறிப்புகள் எல்லாம் அதோடு போய்விடும்.

இப்படி நிற்கும் கணினிகளில் சிலவற்றில் வட்டுக்கு எந்தக் குறையும் இருக்காது. கணினியின் கடிகாரம்தான் பின்னால் போயிருக்கும். அதற்குக் காரணம், சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு சிறிய பேட்டரி.

கணினிக்குள் இரண்டு கடிகாரம்

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது நேரத்தைக் கணக்கிடுவது இயங்குதளம். கணினியை அணைத்ததும் அந்தக் கணக்கு மறைந்துவிடும். அணைத்திருக்கும் வேளையிலும் நேரம் தவறாமல் இருக்க, தாய்ப்பலகையில் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. அதற்குள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு படிகம் உண்டு. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு விநாடி. கைக்கடிகாரத்திலும் இதே வகைப் படிகம்தான் இருக்கிறது.

இந்தக் கடிகாரத்துக்கு உயிர் கொடுப்பது, ஒரு நாணயத்தைப் போன்ற வட்டமான பேட்டரி. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032 என்ற வகை. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அளவும் கனமும்தான் அதன் பெயரிலேயே எண்ணாக இருக்கின்றன.

கணினியின் வயர் சுவரில் செருகப்பட்டு, சுவர் சுவிட்சும் திறந்திருந்தால், கணினி அணைந்திருந்தாலும் கடிகாரத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பேட்டரிக்கு வேலை குறைவு. சுவிட்சை அடைத்தாலோ வயரைப் பிடுங்கினாலோ கடிகாரம் முழுக்க முழுக்கப் பேட்டரியை நம்பித்தான் ஓட வேண்டும். மலேசியாவில் இடி மின்னலுக்குப் பயந்து வயரைப் பிடுங்கி வைப்பது நல்ல வழக்கம்; அதை விட வேண்டியதில்லை. ஆனால், அப்படிச் செய்யும் வீடுகளில் பேட்டரி சற்று முன்னதாகவே தீரும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

பேட்டரி தீர்ந்ததும், கணினியை அணைத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். எந்தத் தேதி என்பது அந்தந்தத் தாய்ப்பலகையைப் பொறுத்தது. பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஜனவரி 1-ஆம் தேதியாக அது இருக்கலாம்.

செக்ரோலில் நாளைய தேதி

கடிகாரம் பின்னால் போனால் வட்டுக்கு என்ன வந்தது? இதைத் தோட்டத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

லினக்ஸ் தன் வட்டின் தொடக்கத்தில் ஒரு குறிப்பை வைத்திருக்கிறது. வட்டு கடைசியாக எப்போது பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டது, கடைசியாக எப்போது அதில் எழுதப்பட்டது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற விவரங்கள் அதில் இருக்கும். இந்தக் குறிப்புக்கு சூப்பர்பிளாக் என்று பெயர். தோட்டத்தில் கிராணி வைத்திருக்கும் செக்ரோலைப் போன்றது அது.

காலையில் பெரட்டுக்கு வந்த கிராணி செக்ரோலைத் திறக்கிறார். கடைசியாகப் பேர் பதிந்த தேதி, இன்றைய தேதிக்கு அடுத்த மாதமாக இருக்கிறது. யாரோ கணக்கில் கை வைத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். தம் கையில் கட்டியிருக்கும் கடிகாரம்தான் தவறு என்று உடனே தோன்றாது. லினக்ஸும் அதைத்தான் செய்கிறது. கடிகாரம் 2010 என்கிறது. வட்டின் குறிப்போ, கடைசியாகப் பயன்படுத்தியது 2025 என்கிறது. எதிர்காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு எப்படி வரும்? ஏதோ கோளாறு என்று எண்ணி, மேற்கொண்டு போகாமல் நின்று மனிதரைக் கூப்பிடுகிறது.

"கடைசியாக இணைக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் உள்ளது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி திரையில் வருவதன் காரணம் இதுதான். அந்த வரியிலேயே இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று வட்டில் பதிந்த தேதி, மற்றொன்று கணினி இப்போது நம்பிக்கொண்டிருக்கும் தேதி. இரண்டாவது தேதி பல ஆண்டு பழையதாக இருந்தால், குறை கடிகாரத்தில் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இந்தத் தடுமாற்றம் பழைய லினக்ஸ் பதிப்புகளில் அதிகம். புதிய பதிப்புகளில் உள்ள சோதனைக் கருவி, 24 மணி நேரம் வரையிலான வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொண்டு போய்விடும். ஆனால் பழைய கணினிகளில் பழைய பதிப்பே தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு.

136 ஆண்டு சோதிக்காத வட்டு

சில பழைய கணினிகளில் இன்னொரு விநோதமான செய்தி வரும். இந்த வட்டு 49,710 நாளாகச் சோதிக்கப்படவில்லை, ஆகவே கட்டாயச் சோதனை நடக்கிறது என்று திரை சொல்லும். 49,710 நாள் என்றால் 136 ஆண்டு. அவ்வளவு காலத்துக்கு முன்பு கணினியே கிடையாது.

இதற்கும் காரணம் கடிகாரம்தான். இன்றைய தேதியிலிருந்து கடைசிச் சோதனைத் தேதியைக் கழித்துத்தான் எத்தனை நாள் ஆயிற்று என்று கணினி கணக்கிடுகிறது. கடிகாரம் பின்னால் போயிருந்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். நேரத்தை 32 இடங்களில் சேமிக்கும் அந்தப் பழைய கணக்குக்குக் கழித்தல் எண் தெரியாது. பழைய காரில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கீழே சுழற்றினால் 99999 வருவதைப்போல, அது தன் உச்ச எண்ணுக்குத் தாவிவிடும். அந்த உச்சம் ஏறக்குறைய 429 கோடி விநாடி. அதாவது 49,710 நாள். இந்த எண்ணோ இதற்குச் சற்றுக் குறைந்த எண்ணோ திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். சோதனையை முடிய விட்டு, கடிகாரத்தைச் சரிசெய்தால் போதும்.

திரையில் வரும் மூன்று வகைச் செய்தி

எல்லா வட்டுச் சோதனையும் கடிகாரத்தால் வருவதில்லை. ஆகவே, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதுதான் முதல் வேலை. நிறுவனச் சின்னம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் பின்னால் ஓடும் எழுத்துகள் தெரியும். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கடைக்காரரிடம் காட்டவும் உதவும்.

முதல் வகை, மேலே சொன்னது: எதிர்காலத் தேதி, அல்லது நம்ப முடியாத நாள் கணக்கு. இது கடிகாரக் கோளாறு.

இரண்டாம் வகை, வட்டு முறையாக விடுவிக்கப்படவில்லை, குறிப்பேட்டிலிருந்து மீட்கிறோம் என்ற பொருளில் வருவது. மின்சாரம் திடீரென்று போனாலோ, விசையை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தாலோ இது வரும். லினக்ஸ் வட்டின் அமைப்பில் செய்யும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டு எழுதுகிறது. பாதியில் நின்ற வேலையை அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துக்கொள்ளும். பெரும்பாலும் சில விநாடியில் முடியும். இடையில் மறுபடியும் அணைக்காமல் இருந்தாலே போதும்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்ற பொருளில் "ஐ/ஓ எரர்" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். வட்டிலிருந்து "டக், டக்" என்று சத்தம் கேட்கலாம். ஒரு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகலாம். இது வட்டே பழுதாகி வருவதன் அறிகுறி. இங்கே சோதனையோ பழுதுபார்ப்போ நடத்தக் கூடாது. தேய்ந்த வட்டை மேலும் ஓட வைத்தால் இருப்பதும் போய்விடும். முதலில் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள்

முதல் வகைச் செய்தி வந்தால், சோதனைக் கட்டளை எதையும் தட்டும் முன் கடிகாரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். கணினியை அணைத்து, மீண்டும் திறந்த உடனே எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரை வரும். சில நிறுவனங்களின் கணினிகளில் எஃப்1 அல்லது எஃப்10 ஆக இருக்கும். முதல் பக்கத்திலேயே தேதியும் நேரமும் தெரியும்.

தேதி பல ஆண்டு பின்னால் இருந்தால், இன்றைய தேதியை இட்டு, சேமித்து வெளியே வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு எஃப்10 விசை. கணினி வழக்கம்போலத் திறந்துகொண்டால் நோய் எது என்று தெரிந்துவிட்டது.

கடிகாரத்தைத் திருத்தாமல், கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சோதனைக் கருவி வட்டின் குறிப்பைத் தவறான தேதிக்கு மாற்றி எழுதும். கணினி திறந்துகொள்ளும். இணையத்தில் இணைந்ததும் லினக்ஸ் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். இரவில் வயரைப் பிடுங்கி, காலையில் திறந்தால் மறுபடியும் அதே கறுப்புத் திரை. தினமும் காலையில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்றால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. கணினியைத் திறந்த சில விநாடிக்குத் தேதி தவறாகக் காட்டி, பிறகு சரியாகும். வங்கி, பள்ளி இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி எச்சரிக்கும். அந்தத் தளங்களின் சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒரு தேதியில் கணினி இருப்பதே காரணம்.

பேட்டரியை மாற்றும் முறை

மேசைக் கணினியில் இதை வீட்டிலேயே செய்யலாம். கணினியை முறையாக அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். பிறகு திறக்கும் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், உடலில் உள்ள நிலைமின்சாரம் பலகையைத் தாக்காது.

பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சிறு கொக்கியை நகத்தாலோ பிளாஸ்டிக் முனையாலோ தள்ளினால் அது மேலே எழும்பும். பெரும்பாலான பலகைகளில் கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே இருக்கும். பழையது எப்படி இருந்ததோ அப்படியே புதியதை வைக்க வேண்டும். கைக்கடிகாரக் கடை, மின்பொருள் கடை, பேரங்காடி எங்கும் இது கிடைக்கும்.

மடிக்கணினியில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் வயரோடு ஒட்டி, அடியில் ஒளிந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வதே நல்லது.

பேட்டரி தீர்ந்தபோது தேதியோடு பயாஸின் மற்ற அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். எந்த வட்டிலிருந்து தொடங்குவது, வட்டோடு எந்த முறையில் பேசுவது என்பதும் அதில் அடக்கம். புதிய பேட்டரி போட்ட பிறகும் வட்டே இல்லை என்று கணினி சொன்னால், அங்கே ஒருமுறை பார்க்க வேண்டும்.

கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எட்டு மணி நேரம் எங்கே போனது?

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்போருக்கு வேறொரு புதிர் காத்திருக்கிறது. பேட்டரி புதிது, தேதியும் சரி. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் எட்டு மணி தள்ளிப்போகிறது.

மலேசிய, சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டின் இறுதி வரை தீபகற்ப மலேசியாவில் இந்த வேறுபாடு ஏழரை மணியாக இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க, 1982 புத்தாண்டு பிறக்கும் வேளையில் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. சிங்கப்பூரும் அப்போதே மாறியது.

தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் பொதுவாக எடுத்துக்கொள்கிறது. இரவு 8 மணிக்கு விண்டோஸ் அங்கே 8 என்று எழுதி வைத்தால், லினக்ஸ் அதோடு எட்டைக் கூட்டி, மறுநாள் அதிகாலை 4 மணி என்று காட்டும். லினக்ஸ் எழுதிவைத்த பகல் 12 மணியை விண்டோஸ் அப்படியே 12 என்று காட்டும்.

இரண்டில் ஒன்றை மற்றொன்றின் வழிக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும். லினக்ஸை உள்ளூர் நேர முறைக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்: "டைம்டேட்சிடிஎல்", இடைவெளி, "செட்-லோக்கல்-ஆர்டிசி", இடைவெளி, 1. பொது நேர முறைக்கே திரும்ப வேண்டுமானால் கடைசியில் 1-க்குப் பதில் 0. எல்லாவற்றையும் சிறிய ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். உள்ளூர் நேர முறை வேண்டாம் என்று லினக்ஸ் எச்சரிக்கும். கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் நாடுகளுக்கு அந்த எச்சரிக்கை அதிகம் பொருந்தும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த வழக்கம் இல்லை.

லினக்ஸ் மட்டும் உள்ள கணினியில் பயாஸ் நேரம் எட்டு மணி பின்னால் தெரிந்தால் அது குறையல்ல. அப்படித்தான் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன் பார்த்தால் முந்திய நாளின் தேதியே அங்கே இருக்கும்.

சோதனையை நாமே நடத்துவதானால்

கடிகாரத்தைத் திருத்திய பிறகும் கணினி நின்றால், வட்டின் கணக்கில் உண்மையிலேயே குழப்பம் இருக்கலாம். மூன்றாம் வகை அறிகுறிகள் இல்லை என்றால் சோதனை நடத்தலாம். கட்டளையின் பெயர் எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்து. அதன் பின் இடைவெளி விட்டு, திரையில் சாய்கோட்டோடு காட்டப்படும் வட்டுப் பகுதியின் பெயரை அப்படியே தட்ட வேண்டும்.

இடையில் கழித்தல் குறியோடு என் என்ற எழுத்தைச் சேர்த்தால், கருவி எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும். முதல் முறை இப்படி நடத்துவதே நல்லது. ஒன்றிரண்டு குறை என்றால், அந்த எழுத்து இல்லாமல் மறுபடியும் நடத்தித் திருத்தலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் நிறுத்திவிட்டு, கோப்புகளை நகலெடுப்பதுதான் அடுத்த வேலை. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, பயன்பாட்டில் இருக்கும் வட்டின் மேல் இந்தத் திருத்தத்தை நடத்தவே கூடாது. அது கோப்புகளைக் கெடுத்துவிடும்.

சோதனைக்குப் பின் ஒரு கோப்பைக் காணவில்லை என்றால், "லாஸ்ட்+ஃபவுண்ட்" என்ற உறையில் தேடலாம். பெயரை இழந்த கோப்புகளை லினக்ஸ் அங்கேதான் போட்டு வைக்கும்.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

இவ்வளவும் நம்மால் ஆகாது என்பவர்கள் கடைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் கணினியை நீட்டிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. எடுத்த படத்தைக் காட்டி மூன்று வார்த்தை சொல்ல வேண்டும்: தேதியையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள், எதையும் அழிக்கும் முன் கோப்புகளை நகலெடுத்துக் கொடுங்கள், அழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் கேளுங்கள்.

கணினியே திறக்காவிட்டாலும் நகலெடுக்க வழி உண்டு. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமலேயே உள்ளே இருக்கும் வட்டைத் திறந்து, படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டுக்கு எடுத்துவிடலாம். அந்தப் பென்டிரைவை, கணினி நன்றாக ஓடும் நாளிலேயே தயார் செய்து மேசை இழுப்பறையில் போட்டு வைப்பது நல்லது. பக்கத்தில் ஒரு சிஆர்2032 பேட்டரியும் பிரிக்காத உறையோடு இருக்கட்டும்.